எல்லாக் கணினியும் ஒரே விடை தர வேண்டும்: கிரேஸ் ஹாப்பரின் வாழ்க்கை

மாணவர்களே, சி மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதிப் பாருங்கள். பயனரிடம் இரண்டு முழு எண்களைக் கேட்டு வாங்கி, முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்து, விடையைத் திரையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான். இப்போது இரண்டாவது எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுங்கள்.

இன்டெல் செயலி உள்ள லினக்ஸ் கணினியில் அந்த நிரல் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டுப் பாதியில் நின்றுவிடும். ஆப்பிள் நிறுவனம் தானே வடிவமைத்த செயலியைக் கொண்ட மேக் கணினியிலோ, பெரும்பாலும் அது நிற்காமல் 0 என்று விடை காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இரண்டும் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இயங்குதளங்கள். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் நடந்தது வேறு.

எது சரி? தவறு நிரலிலா, கம்பைலரிலா, இயந்திரத்திலா? கணினித் துறையில் இது மிகப் பழைய கேள்வி. இந்தக் கேள்வியோடு தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. கணிதப் பேராசிரியராக இருந்து கடற்படை அதிகாரியானவர். அவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். இயற்பெயர் கிரேஸ் புரூஸ்டர் மரே. அவருக்கு ஏழு வயதானபோது, அலாரக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. ஒன்றைக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதைப் புரிந்துகொள்ள இன்னொன்றைத் திறந்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் கழன்றுபோயின. விஷயம் தெரிந்ததும் அம்மா அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டார்.

தந்தை காப்பீட்டுத் துறையில் இருந்தவர். நோயால் கால்களை இழந்தவர். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி தம் பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்தக் காலத்தில் இது சாதாரணமன்று.

கிரேஸுக்கும் தோல்வி வந்தது. பதினாறு வயதில் வாஸார் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, லத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் போதாமல் இடம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டு மீண்டும் முயன்று சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும், 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். பின்னர் 1945இல் மணவிலக்கு ஏற்பட்டாலும், ஹாப்பர் என்ற பெயர் அவரோடு நிலைத்துவிட்டது. 1931 முதல் தாம் படித்த வாஸார் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார்.

எடை குறைவு, வயது அதிகம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. கிரேஸின் முன்னோர்களில் ஒருவர் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வகித்தவர். தாமும் கடற்படையில் சேர வேண்டும் என்று கிரேஸ் முடிவெடுத்தார். ஆனால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உடல் எடையும் விதிமுறை கேட்டதைவிடச் சுமார் 15 பவுண்டு குறைவு. விடாமல் முயன்று விதிவிலக்கு பெற்றார். 1943 டிசம்பரில் கடற்படையின் பெண்கள் சேமப் பிரிவில் சேர்ந்தார்.

பயிற்சி முடிந்ததும், 1944இல், அவர் கப்பலுக்கு அனுப்பப்படவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பேராசிரியர் ஹாவர்டு எய்க்கன் தலைமையில் மார்க் 1 என்ற கணக்கிடும் இயந்திரம் கடற்படைக்காக இயங்கிக்கொண்டிருந்தது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை சுமார் 5 டன். வினாடிக்கு மூன்று கூட்டல்கள் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஏறக்குறைய ஆறு வினாடி ஆகும். இன்று உங்கள் கைப்பேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். அன்று அது பெரும் அதிசயம்.

மார்க் 1க்குக் கட்டளைகள் துளையிட்ட காகிதச் சுருளில் போகும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால், சுருளின் இரு முனைகளையும் பசை போட்டு ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். இன்று நிரலில் நாம் லூப் என்று சொல்வது அன்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வளையமாகவே இருந்தது. இந்த இயந்திரத்தின் இயக்கக் கையேட்டை எழுதும் பொறுப்பு ஹாப்பருக்கு வந்தது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூல் 1946இல் வெளிவந்தது.

அந்துப்பூச்சியின் கதை

ஹாப்பரின் பெயரைச் சொன்னாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அந்துப்பூச்சிக் கதை. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, ஹார்வர்டில் மார்க் 2 இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தபோது ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்தது. பணியாளர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது.

ஆனால் பூச்சியைப் பிடித்தவர் ஹாப்பர் அல்லர். இயந்திரக் கோளாறைப் பக், அதாவது பூச்சி, என்று அழைக்கும் வழக்கமும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பொறியாளர்களிடம் இருந்தது. அந்த நிகழ்ச்சியைச் சுவையாகச் சொல்லிப் பரப்பியவர்தான் ஹாப்பர்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அவர்கள் ஊகித்துக்கொண்டு இருக்கவில்லை. கோளாறு எந்தப் பலகையில், எந்த ரிலேயில் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். கண்டதை நாள், நேரத்தோடு எழுதி வைத்தார்கள். பிழை தேடும் வேலையின் அடிப்படை இன்றும் இதுதான்.

யாரும் தொடாத கம்பைலர்

ஹார்வர்டில் ஹாப்பருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1949இல் அவர் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த எக்கர்ட்-மாச்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் யூனிவாக் 1 என்ற வணிகக் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு அந்த நிறுவனத்தை ரெமிங்டன் ராண்ட் வாங்கியது.

அந்தக் காலத்தில் நிரலாளர்கள் கையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். சைன் கணக்கிட, வர்க்கமூலம் காண, எண்களை அச்சிட என்று முன்பே எழுதிச் சரிபார்த்த துண்டு நிரல்கள் அதில் இருக்கும். தேவைப்படும்போது நண்பரின் குறிப்பேட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொள்வார்கள். எழுதும்போது ஓர் எழுத்து மாறிவிடும். நினைவக முகவரிகளை மாற்றிக் கூட்டும்போது கணக்குத் தப்பிவிடும். பிறகு பிழை தேடுவதிலேயே நாள்கள் ஓடும். மனிதர்களுக்குப் பிழையில்லாமல் பார்த்தெழுதவும் வராது, பிழையில்லாமல் கூட்டவும் வராது என்பதை ஹாப்பர் கண்டுகொண்டார். இந்த இரண்டு வேலையையும் அலுக்காமல் செய்யும் இயந்திரம்தான் பக்கத்திலேயே நிற்கிறதே!

துண்டு நிரல்களைக் காந்த நாடாவில் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி கொடுத்தார். நிரலாளர் குறிகளை வரிசையாக எழுதினால் போதும். யூனிவாக் கணினியே உரிய துண்டுகளை எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து, முழு நிரலாகத் தொகுத்துக் கொடுத்துவிடும். 1952இல் இது இயங்கியது. ஏ-0 என்பது அதன் பெயர். தொகுப்பது என்ற பொருளில் அதற்குக் கம்பைலர் என்று பெயரிட்டார். தமிழில் தொகுப்பி என்று நாம் சொல்வதும் அதே பொருளில்தான்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. நிரலில் பின்னால் வரப்போகும் ஓர் இடத்துக்குத் தாவ வேண்டும் என்று கட்டளை வந்தால், அந்த இடத்தின் முகவரி அப்போது கம்பைலருக்குத் தெரியாது. ஹாப்பருக்குக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய நினைவு வந்தது. அந்நாளைய பெண்கள் ஆட்ட விதிப்படி ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே வெகு தூரம் ஓட முடியாது. தோழியிடம் எறிந்துவிட்டு, முன்னால் ஓடி, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதே போல நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். நிரல் முதலில் அந்த மூலைக்குத் தாவும். இடம் தெரிந்த பிறகு, அந்த மூலையிலிருந்து சரியான இடத்துக்குத் தாவும்படி கம்பைலர் எழுதி வைத்துவிடும். விளையாட்டுத் திடலில் கற்றதும் வீண்போகவில்லை.

ஆனால் கம்பைலர் தயாரான பின்னும் அதைத் தொட யாரும் முன்வரவில்லை. கணினி கணக்குப் போடும், நிரல் எழுதாது என்பதே அன்றைய நம்பிக்கை. ஹாப்பர் சோர்ந்து போகவில்லை. அடுத்தபடியாக, கணக்கர்களும் அலுவலகப் பணியாளர்களும் படிக்கக்கூடிய ஆங்கிலச் சொற்களிலேயே நிரல் எழுதலாம் என்றார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று மேலாளர்கள் மறுத்தார்கள். ஆங்கில எழுத்துகள் வெறும் குறிகள்தாம், எந்தக் குறியையும் இயந்திரக் கட்டளையாக மாற்றலாம் என்பதைக் காட்ட, அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் புரிவதா என்று மேலாளர்கள் இன்னும் மிரண்டு போனார்கள்! இத்தனைக்கும் பிறகு உருவானதுதான் ஃப்ளோ-மேட்டிக் என்ற நிரல்மொழி.

ஒரே நிரல், இரண்டு கணினி

1950களின் இறுதியில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மொழி வைத்திருந்தது. யூனிவாக்குக்கு ஃப்ளோ-மேட்டிக், ஐபிஎம்முக்கு வேறு, ஹனிவெல்லுக்கு வேறு. ஓர் அலுவலகம் கணினியை மாற்றினால், எல்லா நிரல்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, காப்பீட்டுக் கணக்கு எல்லாம் மறுபடியும்.

1959 ஏப்ரலில் ஹாப்பரும் வேறு சிலரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கூடி, எல்லாக் கணினிக்கும் பொதுவான வணிக மொழி வேண்டும் என்று பேசினார்கள். மே மாதத்தில் அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆதரவில் பென்டகனில் பெரிய கூட்டம் நடந்தது. அதன் விளைவாகப் பிறந்ததே கோபோல் மொழி. அதை வடிவமைத்தது ஒரு குழு. ஜீன் சம்மெட் உள்ளிட்ட பலர் அதில் உழைத்தார்கள். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். ஆனால் கோபோலின் பல கூறுகள் ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்து வந்தவை.

1960 டிசம்பரில் ஒரு சோதனை நடந்தது. ஒரே கோபோல் நிரலை ஆர்சிஏ 501 என்ற கணினியிலும் யூனிவாக் 2 என்ற கணினியிலும் ஓட்டினார்கள். வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த, வெவ்வேறு அமைப்புடைய இரண்டு இயந்திரங்கள். நிரல் இரண்டிலும் ஓடியது. ஒரு கணினிக்கு எழுதியது இன்னொன்றிலும் ஓடும் என்பது அன்று கண்முன்னே மெய்யானது.

வழக்கத்துக்கு மாறானது நடந்தால்?

ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது ஒரே விடை வருவது எளிது. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால்தான் கம்பைலர்களின் வேறுபாடு வெளியே தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. கடையில் இருப்பு எண்ணிக்கைக்கு மூன்று இலக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். 999 பெட்டிகள் இருக்கின்றன. இன்னும் ஒன்று வருகிறது. விடை 1000. நான்கு இலக்கம் மூன்று இலக்க இடத்தில் அடங்காது. ஒரு கணினி முதல் இலக்கத்தை வெட்டிவிட்டு 000 என்று எழுதலாம். இன்னொன்று நின்றுவிடலாம். மற்றொன்று பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 000 என்று எழுதும் கணினிதான் மிக ஆபத்தானது. ஏனென்றால் கிடங்கு நிறைந்திருக்கும்போது காலி என்று சொல்லும், அதையும் அமைதியாகச் சொல்லும்.

கோபோலில் இதற்கு ஆன் சைஸ் எர்ரர் என்ற தொடர் உண்டு. விடை அடங்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நிரலாளரே அதில் எழுதிவிடலாம். பூஜ்யத்தால் வகுத்தாலும் அதே பாதைதான். கோப்பைப் படித்து முடித்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அட் எண்ட் என்ற தொடர். இந்தத் தொடர்களை எழுதினால் எல்லாக் கணினியும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். எழுதாமல் விட்டால் விடை என்னவாகும் என்பதை மொழியின் தரநிலை சொல்லவில்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு கம்பைலரும் தன் வழியில் போகும்.

தொடக்கத்தில் பார்த்த சி நிரலின் மர்மமும் இதுதான். முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன ஆகும் என்பதைச் சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. எனவே முடிவு கம்பைலரிடமும் செயலியிடமும் போய்விடுகிறது. இன்டெல் செயலி அதைப் பிழையாகக் கருதி இயங்குதளத்திடம் முறையிடும். இயங்குதளம் நிரலுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி நிறுத்திவிடும். லினக்ஸ் காட்டும் செய்தி தசம எண் கணக்கில் பிழை என்பது போல இருக்கும். நிரலில் தசம எண்ணே இல்லையே என்று புதியவர்கள் குழம்பிப் போவார்கள். பழைய காலத்துப் பெயர் அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான். ஆப்பிள் கணினியில் உள்ள ஏஆர்எம் வகைச் செயலியோ முறையிடாமல் பூஜ்யத்தைத் தந்துவிடும். இரண்டு கம்பைலர் மீதும் குற்றமில்லை. ஜாவா மொழியில் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக வரையறுத்திருப்பதால், எந்தக் கணினியிலும் ஒரே வகைப் பிழைதான் எழும்.

ஓய்வுக்குப் பின் பத்தொன்பது ஆண்டுகள்

1966 இறுதியில், அறுபது வயதில், ஹாப்பருக்குக் கடற்படை ஓய்வு கொடுத்தது. அவருக்கு அது மிகுந்த வருத்தம். ஆனால் ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், கடற்படையே அவரைத் திரும்ப அழைத்தது. காரணம் கோபோல்தான். பொதுவான மொழி என்று பெயர் இருந்தாலும், ஒவ்வொரு நிறுவனத்தின் கம்பைலரும் கொஞ்சம் சேர்த்தும் கொஞ்சம் விட்டும் வேலை செய்தது. கடற்படையில் பல நிறுவனங்களின் கணினிகள் இருந்தன. ஓரிடத்தில் எழுதிய நிரல் இன்னோரிடத்தில் தகராறு செய்தது. ஆறு மாத வேலை என்று அழைத்தார்கள். அவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தார்.

யாருடைய கம்பைலர் சரி என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதை ஹாப்பர் அறிந்திருந்தார். அவருடைய குழு சோதனை நிரல்களை எழுதியது. ஒவ்வொரு சோதனையும் மொழியின் ஒரே ஒரு கூறை மட்டும் தொடும். சரியான விடை என்ன என்பது தரநிலையைப் பார்த்து முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நிரலை ஓட்டினால், வந்த விடையையும் வரவேண்டிய விடையையும் ஒப்பிட்டுத் தேர்ச்சி அல்லது தோல்வி என்று அச்சாகும். கோபோலுக்கு 1968இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை வந்தது. 1970களில், அரசாங்கத்துக்குக் கம்பைலர் விற்க வரும் நிறுவனங்கள் இத்தகைய சோதனையைச் சந்திக்க வேண்டிய நிலை உருவானது. விற்பனையாளரின் பேச்சு செல்லாது, சோதனையின் முடிவே செல்லும்.

அந்த மரபில் வந்த கோபோல் சோதனைத் தொகுப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வகைத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் குனு கோபோல் கம்பைலரைச் சோதிக்க அது பயன்படுகிறது.

ஒரு துண்டுக் கம்பி

ஹாப்பர் நல்ல ஆசிரியர். ஒரு நானோவினாடி என்றால் என்ன என்று தளபதிகளுக்கும் மாணவர்களுக்கும் புரியவைக்க, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கையில் கொடுப்பார். ஒரு நானோவினாடியில் ஒளி செல்லக்கூடிய தூரம் அவ்வளவுதான். அதோடு ஒப்பிட ஒரு மைக்ரோவினாடிக்கு உரிய கம்பிச் சுருளையும் காட்டுவார். அதன் நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். வீணாக்கும் ஒவ்வொரு மைக்ரோவினாடியும் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவருடைய அலுவலகத்தில் முள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று இருந்தது. வழக்கம் என்பதற்காக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை என்பதற்கு அது சாட்சி.

1983இல் அவர் கமடோர் பதவிக்கு உயர்த்தப்பட்டார். 1985இல் அப்பதவி ரியர் அட்மிரல் என்று பெயர் மாறியது. 1986 ஆகஸ்ட் 14ஆம் தேதி, 79 வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலில் நடந்த விழாவில் ஓய்வு பெற்றார். அதன் பின்னும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக ஊர் ஊராகச் சென்று இளையர்களிடம் பேசினார். 1992 ஜனவரி 1ஆம் தேதி, 85 வயதில் காலமானார். ஆர்லிங்டன் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016இல் அமெரிக்காவின் அதிபர் சுதந்திரப் பதக்கம் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

அடுத்த முறை உங்கள் நிரல் பள்ளிக் கணினியில் ஒன்றும் வீட்டு மடிக்கணினியில் வேறொன்றும் செய்தால், கணினியைத் திட்டாதீர்கள். முதலில், அந்தச் சிக்கலைக் காட்டும் மிகச் சிறிய நிரலாக அதைச் சுருக்குங்கள். இரண்டாவது, சரியான விடை என்ன என்று மொழியின் விதியைப் பார்த்து எழுதி வையுங்கள். விதி ஒன்றும் சொல்லவில்லை என்றால், கோளாறு உங்கள் நிரலில்தான் இருக்கிறது. வகுப்பதற்கு முன் பூஜ்யமா என்று நீங்களே பார்த்திருக்க வேண்டும். விதி சொல்லியும் கம்பைலர் மாறி நடந்தால், அப்போது குறை சொல்ல உங்கள் கையில் சான்று இருக்கும். மூன்றாவது, அதே நிரலை எல்லாக் கணினியிலும் ஓட்டி, வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.

ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமி பிற்காலத்தில் செய்ததும் இதைத்தான். ஆனால் ஒரு வேறுபாடு. இம்முறை எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒரே நேரம் காட்டும்படி ஓட வைத்தார்.